சிவகாசிக்கு வந்த கூடாரம்: கஷ்டத்தில் நன்றி சொல்வது எப்படி?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

சிவகாசின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர். வருஷத்துக்கு ஒருமுறை தீபாவளி சமயத்தில் அந்த ஊர் பெயர் நம்ம வீட்டுக்குள்ள வரும். நடுவுல இன்னொரு மாதிரியும் வரும்: 'பட்டாசு ஆலையில் வெடிவிபத்து' என்று ஒரு செய்தி, கீழே ஒரு எண்ணிக்கை. அடுத்த நாள் அந்தச் செய்தி காணாமல் போய்விடும்.

அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் வீடுகளில் ஒரு கேள்வி மட்டும் போகாமல் தங்கிவிடுகிறது. ஆறுதல் சொல்ல வருகிற உறவினர்கள், ஊர்க்காரர்கள், சாமியார்கள், போதகர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வடிவத்தில் ஒன்றையே சொல்கிறார்கள்: 'எல்லாம் நன்மைக்கே. கடவுளுக்கு நன்றி சொல்லுங்க.' கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் 'ஸ்தோத்திரம் சொல்லுங்க' என்பார்கள். இது ஆறுதலா, இல்லை வாயை மூடச் சொல்வதா?

இதற்கு இறையியல் புத்தகத்தில் விடை தேடப் போவதில்லை. சிவகாசி வட்டாரத்தின் வரலாற்றிலேயே கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். பட்டாசுக்கு முன்னால், தீப்பெட்டிக்கும் முன்னால், அந்தக் கரிசல் மண்ணுக்கு ஒரு நோயாளி கூடாரத்தோடு வந்தார்.

ராக்லாண்ட் ஐயர்

அவர் பெயர் தாமஸ் ராக்லாண்ட். 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் படித்து, கணிதத்தில் முன்வரிசைத் தேர்ச்சி பெற்று, அதே கல்லூரியில் ஃபெலோ ஆனவர். அன்றைய இங்கிலாந்தில் அந்தப் பதவி கிடைத்தால் வாழ்நாள் முழுக்க நிம்மதியாகப் புத்தகங்களோடு இருக்கலாம். அவர் அதைத் தாண்டி வந்து, 1846-இல் சி.எம்.எஸ். என்ற சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராகச் சென்னையில் வேலையைத் தொடங்கினார். கணக்கு, கடிதம், கமிட்டி. இன்றைய மொழியில் சொன்னால் ஹெட் ஆபீஸ் வேலை.

இந்த வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கம் போனபோது அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மாவட்டத்தின் தெற்கே ஏற்கெனவே நிறைய கிறிஸ்தவக் கிராமங்கள் இருந்தன. வடக்கே சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அநேகமாக யாருமே இல்லை. ஒரு சின்ன விளக்கம்: அப்போது சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 1910-இல்தான் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகி இந்தப் பகுதி அதோடு போனது. விருதுநகர் தனி மாவட்டமானது 1985-இல். அதனால்தான் பழைய ஆவணங்களில் சிவகாசியை 'வட திருநெல்வேலி' என்று எழுதியிருப்பார்கள்.

ராக்லாண்டின் யோசனை எளிமையானது. பங்களா கட்டி உட்கார்ந்து ஜனங்கள் வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கூடாரத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். ஒரு இடத்தில் சில நாள் தங்கி, காலையும் மாலையும் சுற்றுப்பட்டு கிராமங்களுக்குப் போய்ப் பேசிவிட்டு, அடுத்த இடத்துக்கு நகர்வோம். திரும்பவும் சுற்றி வருவோம். 1854-இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களோடு இந்த வேலை தொடங்கியது.

ஆனால் ஒரு சிக்கல். ராக்லாண்டுக்கு நுரையீரல் நோய். இருமினால் ரத்தம் வரும். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்ததே 1882-இல்தான். மருந்து வர இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல் ஆனது. 1850-களில் அந்த நோய் வந்தவருக்கு டாக்டர்கள் சொல்லக்கூடியது ஓய்வும் நல்ல காற்றும்தான். கரிசல்காட்டு வெயிலில் கூடாரத்தில் வாழ்வது அதற்கு நேர் எதிரானது. அது தெரிந்தேதான் வந்தார்.

வந்து என்ன சாதித்தார் என்று கேட்டால், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அதிகம் ஒன்றுமில்லை. நாலு வருஷச் சுற்றுப்பயணத்துக்குப் பிறகும் அவர் பக்கம் வந்தவர்கள் மிகக் குறைவு. ஒரு மிஷனரி அறிக்கைக்கு அது நல்ல கணக்கே இல்லை. 1858 அக்டோபர் 22 அன்று, சிவகாசியில், நுரையீரலில் ரத்தக் குழாய் வெடித்து அவர் இறந்தார். வயது 43.

தன் கடிதங்களில் ராக்லாண்ட் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம், யோவான் நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் வரும் கோதுமை மணி. மண்ணில் விழுந்து செத்தால்தான் அது பலன் தரும் என்று இயேசு சொல்கிற இடம். வெற்றிக்கு ஆயிரம் திட்டம் இருக்கலாம், நிச்சயமான திட்டம் இதுதான் என்பது அவர் நம்பிக்கை. பலன் கண்ணில் படாதபோதும் அவருக்குக் கசப்பு வராமல் இருந்ததற்கு இதுதான் காரணம். விதை போட்டவன் அறுக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

கூடாரத்தில் இருந்த மற்றவர்கள்

இந்தக் கதையை வெள்ளைக்கார ஐயரோடு மட்டும் நிறுத்திவிட்டால் பாதியைத்தான் சொன்னதாகும். அந்தக் கூடாரங்களில் தமிழ் உபதேசியார்களும் இருந்தார்கள். தெற்கே இருந்த திருநெல்வேலிச் சபைகள் முறை வைத்து அவர்களை அனுப்பின. செலவையும் அந்தச் சபைகளே ஏற்றுக்கொண்டன.

இதில் என்ன பெரிசுன்னு தோணலாம். அந்தச் சபைகளில் இருந்தவர்கள் யார் என்று பாருங்க. பெரும்பாலும் பனையேறிகள், தேரிக்காட்டு ஏழை விவசாயிகள். அவர்களில் பலருடைய தாத்தா, பாட்டி காலத்தில், கிறிஸ்தவரானதற்காக வீட்டை இழந்தவர்கள் உண்டு. 1799-இல் அப்படி விரட்டப்பட்டவர்களுக்காக உண்டான ஊர்தான் முதலூர். பெயரே அதைச் சொல்கிறது. முதல் ஊர். பிறகு 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் காலத்தில் 'தர்ம சங்கம்' என்று ஒன்று தொடங்கினார்கள். அதன் வேலை, இருக்க இடமில்லாமல் போனவர்களுக்கு நிலம் வாங்கி ஊர் அமைத்துக் கொடுப்பது. கூடவே விதவைகளுக்கென்று ஒரு நிதியும் இருந்தது.

தெற்கத்திச் சபைகளில் ஒரு பழக்கம் இன்றும் பலருக்கு ஞாபகம் இருக்கும்: பிடி அரிசி. உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைப்பார்கள். அது சேர்ந்ததும் கோயிலுக்குப் போகும். அன்றைக்கு உலையில் போட நாலு பிடிதான் இருந்தாலும், அதிலிருந்து ஒரு பிடி தனியாகப் போகும்.

'ஸ்தோத்திரம்' என்ற சொல்லுக்கு அந்த வீடுகளில் இருந்த அர்த்தம் இதுதான். அது வாயால் சொல்வதோடு முடியவில்லை, கையால் எடுத்து வைத்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் நடக்கும் அசனப் பண்டிகையும் அந்த வகைதான். ஊரே சேர்ந்து சமைத்து, பெரியவன் சின்னவன் பார்க்காமல் ஒரே பந்தியில் சாப்பிடுவது. சாதி பார்த்துத் தண்ணீர் கொடுத்த காலத்தில், பந்தியில் ஒன்றாக உட்காருவது சின்ன விஷயமில்லை. அதற்காகச் சபைக்குள்ளேயே சண்டைகள் நடந்திருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வட திருநெல்வேலிக் கூடாரங்களில் உழைத்தவர்களில் ஒருவர் டபிள்யூ.டி. சத்தியநாதன். சென்னைக்காரர்கள் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தைப் பார்த்திருப்பீங்க. பின்னாளில் அதன் போதகராக இருந்தவர் அவர்தான். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவரான கிருபாபாய் சத்தியநாதன் இவருடைய மருமகள். வெயிலில் நடந்த அந்தக் கூடாரத்திலிருந்து இந்திய ஆங்கில இலக்கியம் வரைக்கும் ஒரு கோடு போகிறது.

இதே பிடி அரிசி, இன்னொரு பானையில்

இங்கே ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடி அரிசி கிறிஸ்தவர்களின் தனிச்சொத்து இல்லை. விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலா என்று ஒரு பள்ளி. ஊர் மக்கள் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்து, அதைச் சேர்த்து நடத்திய பள்ளி. பணம் கட்ட முடியாத பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். அப்படிப் படித்த ஒரு பையன் 1903-இல் பிறந்த காமராஜர். பின்னாளில் முதலமைச்சராகிப் பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவு போட்டார்.

இந்த வட்டாரம் பட்ட அடிகளையும் நினைத்துப் பாருங்க. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் பல லட்சம் பேர் செத்தார்கள். 1899 ஜூன் 6-ஆம் தேதி சிவகாசிக் கலவரம். நாடார்கள் கோயிலுக்குள் போகும் உரிமை கேட்டதை ஒட்டி எழுந்த பகை, ஒரு பெரும் கும்பல் ஊருக்குள் புகுந்து வீடுகளைக் கொளுத்துவதில் போய் முடிந்தது. எரிந்த அந்த ஊர்தான் மறுபடி எழுந்தது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்த்த மண்ணில் அது சோறு போட்டது. பட்டாசு அதன் பின்னால் வந்தது.

பஞ்சத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லணும். அந்த வருஷங்களில் திருநெல்வேலியில் பல ஆயிரம் பேர் சபைகளில் சேர்ந்தார்கள். 'கூழுக்காக மாறியவர்கள்' என்று அப்போதே கேலி இருந்தது. சிலர் பஞ்சம் தீர்ந்ததும் விலகினார்கள். பலர் தங்கினார்கள். பசியில் கூழ் கொடுத்தவரிடம் நன்றி வருவது இயல்பு. அந்த நன்றி கொடுத்தவருக்குக் கடனாக மாறிவிடுகிறதா, இல்லையா என்பதுதான் உண்மையான கேள்வி. கொடுத்தவர் அதை வசூலிக்க ஆரம்பித்தால் அது வியாபாரம்.

படுக்கையிலிருந்து ஒரு குரல்

ராக்லாண்டின் கதையை 1922-இல் ஒரு பெண் புத்தகமாக எழுதினார். எமி கார்மைக்கேல். அயர்லாந்தில் 1867-இல் பிறந்து, 1895-இல் இந்தியா வந்து, களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூரில் குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்தியவர். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படும் நிலையில் இருந்த சிறுமிகளுக்காகத் தொடங்கியது அது. அவருடைய செயல்களையும் பார்வையையும் பற்றிக் கடுமையான விமர்சனங்களும் உண்டு.

நோயோடு உழைத்து இறந்தவரைப் பற்றி எழுதும்போது அவர் நடமாடிக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷம் கழித்து, 1931 அக்டோபர் 24 அன்று, களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். அந்தி இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார். கால் உடைந்தது. சில வாரத்தில் எழுந்துவிடலாம் என்று நினைத்தார்கள். 1951 ஜனவரி 18-இல் இறக்கும் வரை, ஏறத்தாழ இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறையில் வலியோடு கழிந்தது.

அந்த அறையிலிருந்து நோயாளிகளுக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்ல வந்த துண்டுப் பிரசுரங்கள் அவருக்கு ஒட்டவே இல்லை. அவற்றை எழுதியவர்கள் நல்ல உடம்போடு இருந்தவர்கள். வலியைத் தெரியாதவர்கள் வலியைப் பற்றிச் சொல்லும் நல்ல வார்த்தைகள் காதோடு நின்றுவிடுகின்றன என்பது அவர் அனுபவம். அதனால் நோயாளி நோயாளிக்கு எழுதுவதாகவே அந்தப் புத்தகத்தை அமைத்தார்.

இருபது வருஷம் படுத்திருந்த, நம்பிக்கையை விடாத ஒரு கிறிஸ்தவப் பெண் சொல்லும் சாட்சியம் இது. ஆறுதலை யார் சொல்கிறார் என்பது, என்ன சொல்கிறார் என்பதைவிடக் குறைந்ததில்லை.

இரண்டு வகைக் கஷ்டம்

இப்போ பட்டாசு ஆலைக்குத் திரும்புவோம்.

2012 செப்டம்பர் 5. சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டி. ஒரே விபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. சத்தம் கேட்டு உதவ ஓடி வந்தவர்கள், என்ன ஆச்சுன்னு பார்க்க வந்தவர்கள். 2021 பிப்ரவரி 12. சாத்தூர் பக்கம் அச்சங்குளம். இருபதுக்கும் மேற்பட்டோர். இவை இரண்டு மட்டும். சின்ன விபத்துகள் வருஷா வருஷம்.

ஏன் நடக்கிறது? மருந்து கலக்கும்போதோ செலுத்தும்போதோ ஒரு உராய்வு போதும். அதனால்தான் ஒவ்வொரு அறையும் தனித்தனியாக, இடைவெளி விட்டு இருக்கணும், இத்தனை பேர்தான் இருக்கணும், இவ்வளவு மருந்துதான் இருக்கணும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஆர்டர் கூடும்போது அறையில் ஆள் கூடுகிறது. மருந்து தேங்குகிறது. மரத்தடியில் வேலை நடக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்குத்தகைக்கு இன்னொருவர் நடத்துகிறார். பீஸ் ரேட் என்பதால் வேகமாகச் செய்தால்தான் காசு.

அதாவது, இது வானத்திலிருந்து விழுந்த கஷ்டம் இல்லை. ராக்லாண்டின் நோய்க்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சிவகாசி வெயிலுக்குத் தன் விருப்பத்தில் வந்தார். திரும்பிப் போக கேம்பிரிட்ஜில் ஒரு அறை இருந்தது. பட்டாசுத் தொழிலாளிக்கு அப்படி ஒரு அறை இல்லை. அவருடைய கஷ்டத்தில் ஒரு பகுதி மனிதர்கள் செய்தது, மனிதர்கள் தடுத்திருக்கக்கூடியது.

இந்த இரண்டையும் ஒன்றாக்கி, 'எல்லாம் தேவ சித்தம், ஸ்தோத்திரம் சொல்லுங்க' என்று சொல்லும்போதுதான் தப்பு நடக்கிறது. உள்குத்தகைக்காரர் செய்ததைக் கடவுள் கணக்கில் எழுதுகிறோம்.

கிறிஸ்தவ வேதமே அப்படிச் சொல்லவில்லையா என்று கேட்கலாம். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தில், எந்த நிலையிலும் நன்றி சொல்லச் சொல்கிறார். எபேசியருக்கு எழுதியதில் எல்லாவற்றுக்காகவும் என்ற பொருளில் வருகிறது. இந்த இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, நடந்த கொடுமைக்கே நன்றி சொல்ல வேண்டும் என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. ஆனால் அதே வேதாகமத்தில் சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. கடைசியில்கூட ஒரு ஆறுதல் வரி கிடையாது. அதையும் வழிபாட்டில் பாடத்தான் வைத்திருக்கிறார்கள். 'புலம்பல்' என்ற பெயரிலேயே தனியாக ஒரு புத்தகமும் இருக்கிறது. ஆக, அழுவதும் கேள்வி கேட்பதும் விசுவாசம் குறைந்ததன் அடையாளம் என்று அந்த மரபே சொல்லவில்லை.

நன்றியை யார் கேட்கலாம்?

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பாருங்க. ராக்லாண்ட் நன்றியோடு இருந்தார். அவரை அப்படி இருக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. தெற்கத்திப் பெண்கள் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அது அவர்கள் கையால் எடுத்தது. எமி கார்மைக்கேல் வலியிலும் நம்பிக்கையை விடவில்லை. ஆனால் வலி தெரியாதவர்கள் அதைப் பாடமாக எடுப்பதை ஏற்கவில்லை. மூன்று இடத்திலும் நன்றி கஷ்டப்பட்டவரிடமிருந்து தானாக வந்தது. அவரிடம் வெளியிலிருந்து யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை.

இன்னொன்றும் கவனிக்கணும். தர்ம சங்கம் அடிபட்டவர்களிடம் பொறுமையாக இருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒரு ஊரும் உருவாகியிருக்காது. நிலம் வாங்கினார்கள். விதவைகளுக்கு நிதி வைத்தார்கள். விசுவாசம் அங்கே பத்திரம், பட்டா, கணக்குப் புத்தகமாக மாறியது. சிவகாசியை ஒட்டியே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ராக்லாண்டின் கூடார வேலை பின்னாளில் ஊன்றிய இடத்துக்குப் பெயரே சாட்சியாபுரம். அங்கே பள்ளிகள் வந்தன. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான பள்ளியும் வந்தது. நாலு வருஷத்தில் பலன் காணாதவர் போட்ட விதை என்று கிறிஸ்தவர்கள் இதைச் சொல்வார்கள். வரலாறு படிக்கிறவர்கள் உபதேசியார்கள், கொடுத்தவர்கள், ஆசிரியர்கள் என்று பல நூறு பேரின் உழைப்பையும் சேர்த்துச் சொல்வார்கள். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

விபத்தில் ஆளை இழந்த ஒரு அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் முழங்கால் போட்டு நன்றி சொல்கிறார் என்றால், அது அவருக்கும் அவர் கடவுளுக்கும் நடுவில் உள்ளது. நாம அதைக் கேலி செய்யவும் உரிமை இல்லை, அதை உதாரணம் காட்டி அடுத்தவரை அடக்கவும் உரிமை இல்லை. அதே அம்மா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போய் நிவாரணத் தொகை ஏன் வரவில்லை என்று கேட்டால், ஞாயிறு சொன்ன நன்றி பொய்யாகிவிடாது. அவருக்கு ஆறுதல் சொல்லணும்னு தோணினால், திங்கட்கிழமை அவர்கூடப் போகிற ஆளாக இருப்பது நல்ல தொடக்கம். மனு எழுதத் தெரிந்தால் எழுதிக் கொடுக்கலாம். இல்லைன்னா, அந்த வாரம் அந்த வீட்டு உலைக்கு ஒரு பிடி அரிசி கொண்டுபோகலாம்.

இந்தத் தீபாவளிக்குப் பட்டாசுப் பெட்டியைத் திருப்பிப் பார்க்கும்போது அதில் சிவகாசி, சாத்தூர், விருதுநகர்னு ஊர்ப் பெயர் இருக்கும். அந்த ஊர்களுக்கு இப்படி ஒரு பழைய கதையும் இருக்குன்னு பக்கத்தில் இருக்கிறவங்களுக்குச் சொல்லுங்க.